பத்து மணி வரை பழைய விலை

மஜீது பாய் காலமாகி ஏழு மாதம் ஆகிறது. ராயபுரத்தில் இன்றைக்கும் யாராவது என்னை வழியில் நிறுத்தி, "பாய் மாதிரி நாணயமான ஆளு இனிமே எவன் கீறான் லோகநாதா?" என்று கேட்கிறார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன். ஏழு மாதமாக ஆட்டியதில் எனக்கே என் தலைமேல் வெறுப்பு வந்துவிட்டது. அவர் நாணயமானவர்தான். அவர் கடையில் பதினாறு வருஷம் விலைப் பலகை எழுதியவன் நான், என்னைவிட அதை யார் சொல்ல முடியும்? ஆனால் ஒரே ஒரு திங்கட்கிழமை காலையில் நாங்கள் இரண்டு பேரும் அயோக்கியர்களாக இருந்தோம். அதைப்பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே சொல்லிவிடுகிறேன்.

பாய்க்குப் பூர்வீகம் வண்ணாரப்பேட்டை. சின்ன வயதிலேயே பினாங்குக்குக் கப்பலேறி, அங்கே ஒரு சொந்தக்காரரின் நோட்டு மாற்றும் கடையில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தார். ஜப்பான்காரன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் திரும்பி வந்து, துறைமுகத்து வாசலுக்கு எதிரே, டீக்கடைக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்க முடியாத ஒரு கடையைப் பிடித்தார். குண்டு விழும் என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டி ஓடிக்கொண்டிருந்த வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பி வலை போட்ட ஜன்னல், அதற்குள் பாய், அவருக்குப் பின்னால் இரும்புப் பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் நான். வெளியே ஆணியில் மாட்டிய கறுப்புப் பலகை.

பலகை என்று நான் எழுதுகிறேனே தவிர, எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது போர்டு. எந்த ஊர் நோட்டை என்ன விலைக்கு வாங்குவோம், என்ன விலைக்கு விற்போம் என்று சுண்ணக்கட்டியால் அதில் எழுதியிருக்கும். ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள், திரும்பி வருகிறவர்கள், கப்பல்காரர்கள், அவர்களின் பெண்டாட்டிகள் எல்லோரும் முதலில் போர்டைப் பார்ப்பார்கள், பிறகு சண்டைக்கு வருவார்கள்.

"இன்னா பாய், வாங்கசொல்ல ஒரு வெல, விக்கசொல்ல ஒரு வெலயா? இது இன்னா நாயம்?"

பாய் கோபித்துக்கொள்ளவே மாட்டார். "காசிமேட்டுல வலைக்காரன் கையில வஞ்சிரம் வாங்கறாளே குப்பம்மா, அவ அதே வெலைக்கா உன் வூட்டுக்கு விக்கிறா? நடுவுல குந்திகினு கீறவளுக்குக் கஞ்சி வேணாமா? நானும் மீன்காரிதான் நைனா. என் கூடையில நோட்டு கீது, அவ்ளோதான்" என்பார். வந்தவன் சிரித்துவிட்டு நோட்டை நீட்டுவான்.

மற்ற கடைகளில் போர்டு கிடையாது. விலை முதலாளியின் வாயில் இருக்கும். ஆளைப் பார்த்து, சட்டையைப் பார்த்து, எழுதப் படிக்கத் தெரியுமா என்று பார்த்துச் சொல்வார்கள். எங்கள் கடையில் அந்தப் பேச்சே இல்லை. தினமும் காலை பத்து மணிக்கு பேங்கிலிருந்து பக்தவச்சலம் என்ற பியூன் சைக்கிளில் அன்றைய விலைச் சீட்டைக் கொண்டுவருவார். அது வந்தவுடன் நான் ஈரத்துணியால் போர்டைத் துடைத்துப் புது விலையை எழுதுவேன். மறுநாள் பத்து மணி வரை அதில் ஒரு புள்ளி மாறாது. விலை ஏறினாலும் இறங்கினாலும் போர்டில் இருப்பதுதான் பேச்சு.

ஒரு தடவை நான் தூக்கக் கலக்கத்தில் பினாங்கு டாலரை வாங்கும் விலை ஒன்றரை ரூபாய் என்பதற்குப் பதிலாக ஒன்றே முக்கால் என்று எழுதிவிட்டேன். அன்றைக்குப் பார்த்து ஒரு கப்பலே இறங்கி வந்து எங்கள் வாசலில் வரிசை கட்டியது. மத்தியானம்தான் கவனித்தேன். துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எய்தனது நீ. ஆனா சொன்னது கட. கட சொன்னா சொன்னதுதான்" என்றார். சாயங்காலம் வரை நஷ்டத்துக்கே வாங்கினார். என் சம்பளத்தில் ஒரு காசு பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர்.

யுத்தம் முடிந்தபின் மலேயாவிலிருந்து ஒரு கிழவர் தகரப்பெட்டி நிறைய நோட்டோடு வந்தார். வாழைமரம் போட்ட ஜப்பான்காரன் நோட்டு. நாலு வருஷச் சம்பாத்தியம். அதற்கு ஒரு தம்படி பெறாது என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பாய் ஜன்னலை விட்டு வெளியே வந்து, கிழவரை உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்துச் சொன்னார். "நோட்டுல ஒண்ணும் இல்ல பெரியவரே. எவனாச்சும் வாங்கிக்கினாதான் அது துட்டு. வாங்கறவன் ஓடிப்பூட்டான்" என்றார். ரயில் டிக்கெட்டுக்குப் பணமும் கொடுத்து அனுப்பினார்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். 1949, செப்டம்பர் மாதம் பத்தொன்பதாம் தேதி.

நம் ரூபாய் அப்போது இங்கிலீஷ் பவுனோடு கட்டிப்போட்டது. ஒரு பவுனுக்குப் பதிமூன்று ரூபாய் ஐந்தரை அணா சுமார், அது அசையாது. பவுன் போகும் இடத்துக்கெல்லாம் ரூபாயும் போகும். அன்று காலை டீக்கடை ரேடியோவில், பவுனின் மதிப்பை அமெரிக்க டாலருக்கு எதிரே குறைத்துவிட்டதாகச் சொன்னார்கள். நாலு டாலருக்கு மேல் இருந்த பவுன் இனி மூன்று டாலர்கூட இல்லை. கேட்டவர்கள் அடுத்த டீயைச் சொன்னார்கள். நான் மட்டும் டீயைப் பாதியில் வைத்தேன். பவுன் இறங்கினால் ரூபாயும் இறங்கும். ரூபாய் இறங்கினால் மூன்றேகால் ரூபாய் டாலர் நாலே முக்காலுக்குப் போகும்.

கடைக்கு ஓடினேன். பாய்க்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தது. பெட்டிமேல் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். "நானூறு டாலர் லோகு. சனிக்கிழமதான் பேங்குல கட்டிட்டு வந்தேன். ரெண்டு நாள் வச்சிருந்தா..." என்றார். சனிக்கிழமை தோறும் கையிலிருக்கும் வெளிநாட்டு நோட்டையெல்லாம் பேங்கில் கட்டிவிடுவது அவர் வழக்கம். அவருடைய ஒழுங்கே அவருக்கு ஐந்நூறு அறுநூறு ரூபாய் நஷ்டம் வைத்துவிட்டது. அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

நான் ஈரத்துணியை எடுத்தேன்.

"உடு," என்றார். "பத்து மணி ஆவல."

வழக்கம் அதுதானே. துணியைத் திரும்ப மாட்டினேன். அந்த நிமிஷம் வரை நாங்கள் யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஒன்பது மணிக்கு ரோஸ்மேரி வந்தாள். மாதா கோயில் தெருக்காரி. புருஷன் சூசை அமெரிக்கக் கப்பல் ஒன்றில் சமையல்காரன். கொதிக்கிற எண்ணெய் காலில் கொட்டி, கப்பல் அவனைப் பினாங்கு ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. சம்பளப் பாக்கியை ஒரு கூட்டாளி கையில் கொடுத்து, பெண்டாட்டியையும் பெண்ணையும் வரச்சொல்லி அனுப்பியிருந்தான். உறையில் நூற்று அறுபது டாலர் இருந்தது. கூடவே எட்டு வயதுப் பெண், டோரதி, சுத்தமாகத் தலைவாரி, ஸ்லேட்டுப் பையோடு நின்றாள்.

"இன்னிக்கு இன்னா வெல பாய்?" என்று ரோஸ்மேரி கேட்டாள்.

பாய் கையை மட்டும் வெளியே நீட்டி போர்டைக் காட்டினார். ரோஸ்மேரிக்குப் படிக்கத் தெரியாது. பெண்ணைத் தூக்கிப் பிடித்தாள். அது விரலை வைத்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சத்தமாகப் படித்தது. "அமெரிக்கா டாலர், மூணு ரூபா, நாலணா."

"கரீட்டா படிச்சியா?"

"கரீட்டா படிச்சேம்மா."

ரோஸ்மேரி தயங்கினாள். "பாய், இப்பவே மாத்திக்கவா? இல்ல அப்பால வரட்டா? ஏறுமா?"

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். "ரெண்டு நாளு பொறு", "இன்னிக்கே மாத்திக்க" என்று பாய் தன் மகளுக்குச் சொல்கிற மாதிரி சொல்வார். அன்றைக்கு என்னைப் பார்த்தார். நான் போர்டைப் பார்த்தேன்.

"உன் இஷ்டம்மா," என்றார்.

ஐந்நூற்று இருபது ரூபாயை எண்ணிக் கொடுத்தார். இரண்டு தரம் எண்ணினார். கடைக்கு வரும் குழந்தைகளுக்குப் பினாங்குச் சதுரக் காசு ஒன்று கொடுப்பது அவர் பழக்கம், அதற்கென்றே ஒரு டப்பா வைத்திருந்தார். அன்றைக்கு டப்பா பக்கம் அவர் கை போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வா என்று நானாவது சொல்லியிருக்கலாம். எனக்கு நாக்கு இருந்தது. ஆனால் ஒன்றே முக்கால் என்று தப்பாக எழுதிய நாளில் என்னைக் காப்பாற்றிய மனிதர் எதிரே உட்கார்ந்திருந்தார். அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளிக்குச் சாக்கா கிடைக்காது?

பத்து மணிக்கு வந்த பக்தவச்சலம் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. "இன்னிக்கு சீட்டு இல்ல பாய். மேலேர்ந்து வந்தப்புறம்தான். போர்டக் கவுத்து மாட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துச் சீட்டு வந்தது. வாங்கும் விலை நாலு ரூபாய் பதினோரு அணா என்று நான் எழுதினேன். அந்த விலையில் ரோஸ்மேரிக்கு எழுநூற்று ஐம்பது ரூபாய் வந்திருக்கும். இருநூற்று முப்பது ரூபாய் எங்கள் பெட்டியில் உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரம் அவள் பினாங்கு டாலர் வாங்க வந்தாள். தனியாக வந்தாள்.

"டாலரு ஏறிப்போச்சாமே பாய்? கோயில்ல பேசிக்கினாங்க."

"ஆமாம்மா. அன்னிக்கு... போர்டுல அதான் இருந்துச்சு."

"உங்கள சொல்லி இன்னா பாய்? போர்டுக்கு மேல ஒரு காசு தொடமாட்டீங்கன்னு ஊரே சொல்லுது. என் நேரம் அப்டி." பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "துட்டு பத்தல. புள்ளைக்கு அர டிக்கெட்டுதான், ஆனா திரும்பி வர்றதுக்கும் இப்பவே கட்டி வைக்கணுமாம். அங்க ரூம்பு வேற புடிக்கணும். புள்ளைய கன்னியாஸ்திரிங்க மடத்துல உட்டுட்டுப் போறேன். ஆறு மாசத்துல வந்துருவோம்."

பினாங்கு டாலரும் ஏறியிருக்குமோ என்று பயந்தபடி கேட்டாள். அதுவும் பவுனோடு கட்டியதுதான், அதனால் அசையவில்லை என்று பாய் சொன்னார்.  அன்றைக்கு அவளுக்குத் தன் லாபத்தை விட்டுவிட்டு, வாங்கிய விலைக்கே விற்றார். கணக்குப் பார்த்தால் மூன்று ரூபாய் சொச்சம். இருநூற்று முப்பது ரூபாயைத் தின்றுவிட்டு மூன்று ரூபாய் ஏப்பம் விட்டார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவர்மேல் எரிச்சல்பட எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

அவள் கப்பல் போன மறுநாள் பாய் இருநூற்று முப்பது ரூபாயைத் துணியில் முடிந்து என்னையும் கூட்டிக்கொண்டு மடத்துக்குப் போனார். அங்கே இருந்த வயதான சிஸ்டர் சந்தோஷமாக ரசீதுப் புத்தகத்தை எடுத்து, பேர் கேட்டு எழுதத் தொடங்கினார். பாய் எட்டிப் பார்த்து, "இன்னா எய்தறீங்க?" என்றார். "தர்மம்னு எழுதறேன்," என்றார் சிஸ்டர். பாய் முடிச்சைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "இது தர்மம் இல்லம்மா" என்றார். "பின்னே என்னன்னு எழுதட்டும்?" என்று அவர் கேட்டார்.   பாய் ஒரு சலாம் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

வழியில் என்னிடம் சொன்னார். "சந்தைக்கு வர்றவன, வெல தெரியறதுக்கு முன்னால வழியிலயே மறிச்சு வாங்கக்கூடாதுன்னு எனக்குச் சின்ன வயசுல ஓதிக் குடுத்தாங்க லோகு. மறிச்சு வாங்கிட்டு, அதையே தர்மம்னு வேற எய்தி வாங்கிக்கவா?"

"அப்ப உண்மையச் சொல்லிக் குடுத்துத் தொலைங்களேன் பாய்," என்றேன்.

"சொன்னா போர்ட எவன் நம்புவான்?"

பினாங்குக்கு அனுப்பலாமே என்று நான் விடவில்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதி வேண்டும், எதற்கு, யாருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஊரார் பணத்தையெல்லாம் கடல் தாண்டி மாற்றிக் கொடுத்தவருக்கு, தன் பணத்தை அனுப்ப ஒரு காரணம் எழுதக் கை வரவில்லை. முடிச்சு இரும்புப் பெட்டியின் அடித்தட்டுக்குப் போயிற்று.

ஆறு மாதம் என்று சொன்னவர்கள் வரவில்லை. சூசைக்குக் கால் தேறி, அங்கேயே ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது. திரும்பி வரக் கட்டிய பணத்தையும் வாங்கிச் செலவழித்துவிட்டார்களாம். பெண்ணை அழைத்துக்கொள்ளப் பணம் சேர்க்கிறோம் என்று செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மடத்துப் பிள்ளைகள் வரிசையாகக் கோயிலுக்கு எங்கள் கடை வழியாகத்தான் போவார்கள். டோரதி வருஷத்துக்கு வருஷம் வரிசையில் பின்னுக்குப் போனாள், உயரமானவர்கள் பின்னால் நிற்பார்கள். வரிசை தெருமுனையில் தெரிந்ததும் பாய் பெட்டியைத் திறந்து எதையோ தேடுவார். அது தாண்டிப் போகும்வரை தேடுவார்.

1952-ல் ரோஸ்மேரி பினாங்கில் இறந்துபோனாள். பிரசவத்தில். சேதி கொண்டுவந்த கப்பல்காரன் போனதும் பாய் கடையை மூடிவிட்டார். வாசலில் நின்றபடி, "நீயாச்சும் அன்னிக்கு சொல்லியிருக்கலாம் லோகு," என்றார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. முதலாளி நீங்களா நானா என்று கத்த நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது நிஜம். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்குப் போனேன்.

1957, ஆகஸ்டு மாதம். அணா போய் நயா பைசா வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. காலை ஒன்பதரை மணிக்கு டோரதி கடைக்கு வந்தாள். பதினாறு வயது. அப்பா டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார், வழிச்செலவுக்குப் பினாங்கு டாலர் வாங்க வேண்டும் என்றாள். கையில் அனுமதிக் காகிதம் வைத்திருந்தாள்.

"அம்மா லெட்டர்ல எழுதுவாங்க. யாரையாச்சும் வச்சு எழுதச் சொல்லுவாங்க. எப்ப துட்டு மாத்தறதா இருந்தாலும் மஜீது பாய் கடைக்குப் போன்னு," என்றாள்.

பாய் எழுந்தார். பெட்டியின் அடித்தட்டிலிருந்து முடிச்சை எடுத்து ஜன்னல் வழியாக வைத்தார். எட்டு வருஷமாகச் சொல்லாததை எல்லாம் சொன்னார். ரேடியோவில் வந்ததை, பேங்கில் கட்டிய நானூறு டாலரை, தனக்கு முன்பே தெரியும் என்பதை, "உன் இஷ்டம்மா" என்று சொன்னதை. ஒன்றையும் விடவில்லை. தனக்காக ஒரு சாக்கும் சொல்லவில்லை. கடைசியில் அழுதார்.

டோரதி முடிச்சைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு ரூபா நாலணா," என்றாள். "நான்தான் படிச்சேன்."

"ஆமாம்மா."

"ஒவ்வொரு லெட்டர்லயும் எழுதுவாங்க. ஒழுங்காப் படிடி, நீ அன்னிக்கு போர்டப் படிச்சதாலதான் ஏமாறாம துட்டு வாங்கினேன்னு."

  அவள் முடிச்சை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "இது எங்கம்மா துட்டு," என்றாள். எண்ணிப் பார்க்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, போர்டு எழுதறது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும்," என்றேன். எட்டு வருஷத்தில் நான் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான், அதுவும் கேட்டபிறகு சொன்னது.

"இப்ப போர்டுல இருக்கறது இன்னிக்கு வெலயா?"

மணி பத்தாகவில்லை. "நேத்து வெலம்மா. பத்து மணிக்குத்தான் சீட்டு வரும்," என்றேன்.

"அப்ப நான் நிக்கறேன்," என்றாள்.

உள்ளே வந்து உட்காரச் சொன்னோம். வரவில்லை. டீ வாங்கிவரச் சொன்னார் பாய், வேண்டாம் என்றாள். ஆகஸ்டு மாத வெயிலில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம், போர்டுக்கு நேர் எதிரே அரை மணி நேரம் நின்றாள். பாய் உள்ளே தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வேறு இரண்டு மூன்று பேர் நோட்டு மாற்ற வந்தார்கள். அவள் நிற்பதைப் பார்த்து, ஏதோ விஷயம் இருக்கிறது என்று அவர்களும் மாற்றாமல் நின்றார்கள்.

பக்தவச்சலம் வந்தார். சீட்டைப் பிரித்தேன். பினாங்கு டாலர் விலை மாறவில்லை, நேற்று இருந்ததேதான். ஆனாலும் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய், அவள் பார்க்கும்படி போர்டை முழுக்கத் துடைத்து, அதே எண்களை மறுபடியும் எழுதினேன். டோரதி சீட்டை என் கையிலிருந்து வாங்கி, போர்டோடு ஒருதரம் ஒத்துப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் பணத்தை எடுத்தாள்.